சம்படத்துக்குள் ஏழு பெயர்கள்

போன தை மாதம், பூசத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது நடந்தது இது. உத்தமபாளையத்தில் சமணர் சிற்பங்கள் உள்ள பாறைக்குப் பின்பக்கம் அன்று காலை ஏழு மணிக்கு இருந்தவர்கள் நான், பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு திரியும் என் நண்பன், இருபது ஆடுகள், அவற்றை மேய்க்கும் ஓர் அம்மா. அங்கே இருந்திருக்க வேண்டியது, ஆனால் இல்லாதது, கையடக்கமான, மூடி போட்ட ஓர் எவர்சில்வர் சம்படம். அது இல்லை என்ற விஷயம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்தச் சம்படத்தை அங்கே ஒளித்து வைத்தவன் நான்தான். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் அந்த ஊர்க்காரர்கள் நினைத்ததையே நினைப்பீர்கள்.

ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒருவர் எங்கேயாவது ஒரு சின்ன டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பைச் செல்போன் செயலியில் போட்டுவிடுவார். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அந்தக் குறிப்பை வைத்துத் தேடி வந்து எடுப்பார். உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதிவிட்டு, இருந்தபடியே திரும்ப வைத்துவிட்டுப் போவார். பரிசு எதுவும் கிடையாது. கண்டுபிடித்தோம் என்ற சந்தோஷம்தான். மதுரையில் படிக்கும்போது பழைய மகாலுக்கு வெளியே ஒரு சந்தில் முதல்முறையாக ஒரு டப்பாவை எடுத்தேன். உலகத்தில் எத்தனை பேர் அந்தச் சந்தைக் கடந்து போகிறார்கள், இந்த இடுக்கில் ஒரு ரகசியம் இருப்பது எனக்கு மட்டும்தானே தெரியும் என்று தோன்றியது.

அப்போதே முடிவு செய்தேன், நம்ம பக்கத்திலும் ஒன்று வைக்க வேண்டும் என்று. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு வழியாகக் கார்த்திகையில் சபரிமலைக்கு நடந்து போவார்கள், தையில் கேரளாவிலிருந்து பழனிக்கு நடந்து வருவார்கள். இவ்வளவு பேர் நடக்கிற வழியில், ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பங்கள் இருக்கிற பாறை ஒன்று இருக்க, வேறு எங்கே போய் வைப்பது? சிற்பத்தின் மேல் கை வைக்கக் கூடாது, அதைச் சுற்றித் தோண்டக் கூடாது. அதனால் வேலிக்கு வெளியே நூறு அடி தள்ளி, இரண்டு கற்களுக்கு நடுவில், கார்த்திகைக் கடைசியில் சம்படத்தைச் செருகிவிட்டு வந்தோம்.

வைத்ததுதான் மிச்சம், ஒன்றரை மாதமாக ஒருவரும் வரவில்லை. தினமும் செயலியைத் திறந்து பார்ப்பேன். என் நண்பன் கேலி செய்வான். “மாப்ள, உன் டப்பாவ ஓணான்தான் கண்டுபிடிக்கும்போல.”

அப்படியிருக்க, அந்தக் காலைக்கு முந்தின நாள் மாலை ஒரு செய்தி வந்தது. கட்டப்பனைப் பக்கத்திலிருந்து ஒருவர் பழனிக்குப் பாதயாத்திரை போகிறார், நாளைக் காலையில் உத்தமபாளையம் தாண்டும்போது உங்கள் பெட்டியைத் தேடி வருவேன் என்று எழுதியிருந்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மலையாளத்திலிருந்து நடந்தே ஒரு மனிதர் என் சம்படத்தைத் தேடி வருகிறார்!

டப்பாவை வைத்தவரே முன்னால் போய் நிற்கக் கூடாது, தேடுகிற சுவாரசியம் போய்விடும். எனவே ஒளிந்திருந்து பார்ப்பது என்று முடிவெடுத்தோம். ஆடு மேய்க்கிற அம்மா அங்கேயே இருந்ததால், போய்ச் சம்படத்தைச் சரிபார்க்கவும் முடியவில்லை. அறுபதடி தள்ளி ஒரு பாறை மறைவில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டோம்.

இங்கே என் நிலைமையையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. அரசுத் தேர்வு எழுதி, மூன்றாவது தடவையில் தேர்வாகி, சான்றிதழெல்லாம் சரிபார்த்து முடிந்து, போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி இருந்தது. அந்தக் காகிதம் நல்லபடியாகப் போனால் வேலை. என் பெயரில் ஒரு சின்னப் புகார் இருந்தாலும் சிக்கல். “வேலைக்கு ஆர்டர் வர்ற வரைக்கும் டீக்கடையில கூட நிக்காதய்யா” என்று அம்மா தினமும் சொல்லுவார்.

ஏழரை மணிக்கு அவர் வந்தார். பச்சை வேட்டி, துளசி மாலை, தோளில் ஒரு மஞ்சள் துணிப்பை. நாற்பது வயதிருக்கும். செருப்பில்லாத கால் வெடித்துப் போயிருந்தது. கூட வந்தவர்களை ரோட்டோரத்தில் உட்காரவைத்துவிட்டு இவர் மட்டும் வந்திருக்கிறார் போல. செல்போனைப் பார்த்துக்கொண்டே பத்தடி முன்னால் போவார், நாலடி பின்னால் வருவார். சரியாக அந்த இரண்டு கற்களுக்கு முன்னால் போய் நின்றார். நான் நண்பனின் தொடையைக் கிள்ளிவிட்டேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அவர் குனிந்து இடுக்கில் கையை விட்டார். துழாவினார். வெறுங்கையை வெளியே எடுத்தார்.

அதற்குள் ஆடு மேய்த்த அம்மா கத்தின கத்து இருக்கிறதே, ஆடெல்லாம் சிதறி ஓடிவிட்டன.

“ஏலே, வாங்கடா எல்லாரும்! வந்துட்டான்டா! அதே எடத்துல வந்து நிக்கிறான்டா!”

எங்கிருந்துதான் வந்தார்களோ, இரண்டு நிமிடத்தில் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். அந்த அம்மாவின் தம்பி, பக்கத்துத் தோட்டத்துக்காரர், அந்த அம்மாவின் மருமகள், தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஆட்கள். யாத்திரைக்காரரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். நாங்கள் மூச்சுவிடாமல் கேட்டதில் விஷயம் இதுதான்.

மார்கழி பிறந்ததும் அந்த அம்மா விறகு பொறுக்கும்போது சம்படத்தை எடுத்திருக்கிறார். திறந்து பார்த்தால் ஒரு பொம்மை. அதை ஒரு பென்சிலோடு சேர்த்துச் சிவப்பு நூலால் சுற்றிக் கட்டியிருக்கிறது. ஒரு பழைய காசு. சம்படத்தின் உள்ளெல்லாம் மஞ்சள். ஒரு நோட்டில் வரிசையாக ஏழு பேருடைய பெயர்கள். ஏழாவது பெயர் அந்த அம்மாவின் மகன் பெயர். அதை எடுத்த நான்காம் நாள் அந்த மகன் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டிருக்கிறார். குறி கேட்கப் போயிருக்கிறார்கள். “மலையாளத்துச் செய்வினை வேலை. வச்சவன் ஒரு மண்டலத்துக்குள்ள தானா வந்து அதே எடத்துல நிப்பான்” என்று சொல்லியிருக்கிறார் குறிகாரர்.

இப்போது ஒரு மண்டலம் முடிய மூன்று நாள் இருக்கையில், அதே இடத்தில், மலையாளம் பேசுகிற ஒருவர் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்?

பொம்மையையும் பென்சிலையும் சேர்த்துக் கட்டியது நான்தான். குலுங்காமல் இருக்கட்டும் என்று கட்டினேன். மஞ்சள், என் அம்மா அதில் முன்பு மஞ்சள்தூள் போட்டு வைத்திருந்ததால்.

யாத்திரைக்காரர் பயந்துபோய்ச் செல்போனைக் காட்டினார். “இதொரு களியாணு சேட்டா, வெறும் களி.” மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு.

“களிதானே? ஸ்டேஷன்ல கிண்டித் தருவாக, வா” என்றார் தோட்டத்துக்காரர். நாலு பேர் சிரித்தார்கள்.

அந்த அம்மாவின் தம்பி போனைப் பிடுங்கிப் பார்த்தார். “ஏலே, இங்க பாருங்கடா, நம்ம ஊரு மேப்பு! அங்கன புள்ளி வச்சுக் குறிச்சிருக்கான்!” அவ்வளவுதான், கூட்டம் இன்னும் நெருங்கியது. ஒருவர் போலீஸுக்குப் போன் போட்டார்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். நண்பன் சட்டையைப் பிடித்து இழுத்தான். “மாப்ள, உக்காரு. போலீஸ் வரப் போகுது. உன் பேரு இதுல வந்துச்சுன்னா ஆர்டர் வராதுடா. அந்தாளு சாமிக்குப் போறவரு, எப்படியும் விட்டுருவாக.”

நான் உட்கார்ந்தேன். மறைக்காமல் சொல்கிறேன், உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். அப்பா மூன்று வருஷமாகத் திராட்சைப் பெட்டி தூக்கிக் கட்டின பயிற்சி வகுப்புக் காசு கண்ணுக்குள் ஓடியது. அந்த மனிதரை அவர்கள் கேட்கிற கேள்வியெல்லாம் என்னைக் கேட்க வேண்டிய கேள்வி என்று தெரிந்தும் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

“பையக் கொட்றா” என்றார் ஒருவர். இன்னொருவர் பைக்குள் கையை விட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினார். “பாத்தீகளா!” கூட்டம் ஓவென்றது.

யாத்திரைக்காரர் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தெரிந்த தமிழில் சொன்னார். “இது முருகனுக்குள்ளது. தரையில கொட்ட வேண்டாம். என்னை எவிடெ வேணும்னாலும் கொண்டு போங்க, ஞான் வரும். பை மட்டும் வேண்டாம்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நண்பன் கையில் என் சட்டைப் பொத்தான் ஒன்று மிஞ்சியது. “அக்கா! அவரை விடுங்க! அதை வச்சது நான்!” என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

கூட்டம் அப்படியே என் பக்கம் திரும்பியது. தோட்டத்துக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. “இவன் திராட்சப் பெட்டி தூக்குறவரு மகன்ல? பாஸ் பண்ணின பயன்னு சொன்னாக?”

அந்த அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்தார். குரல் உடைந்துபோய்விட்டது. “நான் உனக்கு என்னடா செஞ்சேன்? எம்மகன் உனக்கு என்ன செஞ்சான்? அவன் பேரை எதுக்குடா எழுதி வச்ச?”

“உங்க மகன் யாருன்னே எனக்குத் தெரியாதுக்கா. அது விளையாட்டு.”

“பொம்மையக் கட்டிப் போட்டு வெளயாட்டா?”

“அந்தச் சம்படத்தைக் கொண்டாங்க. நானே திறந்து காட்டுறேன்.”

மருமகள் ஓடிப்போய் எடுத்து வந்தார். அவர்கள் ஆட்டுக் கொட்டத்துப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் அரிவாள் நட்டுக் கும்பிடுகிற கருப்பு சாமியின் காலடியில்தான் அது இத்தனை நாள் இருந்திருக்கிறது. குங்குமம் அப்பி, காய்ந்த எலுமிச்சம்பழம் கட்டி, என் அம்மாவின் சம்படம் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. மருமகள் அதைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்து தரையில் வைத்தார். எல்லோரும் நாலடி பின்னால் போனார்கள். யாத்திரைக்காரர் மட்டும் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். அந்த நிலைமையிலும் அவருக்கு ஆசை! அவர் தேடி வந்த டப்பா அல்லவா?

திறந்தேன். நோட்டின் முதல் பக்கத்தில் இது என்ன, எதற்கு வைத்திருக்கிறது, எடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். எடுத்துக் காட்டினேன். “பாருங்கக்கா, இதுல எல்லாம் தெளிவா எழுதியிருக்கேன்.”

மருமகள் கேட்டார். “அது இங்கிலீசுல இருக்கு. எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த பக்கம் பேருதான் தமிழ்ல இருந்துச்சு. அதத்தான் நான் அத்தைக்குப் படிச்சுச் சொன்னேன்.”

வெளிநாட்டுக்காரர்கள் யாராவது வந்தால் அசந்துபோக வேண்டும் என்று அகராதி பார்த்துப் பார்த்து எழுதிய இங்கிலீஷ் அது. எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் வரும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பாறையைச் சுற்றித் தினமும் நடமாடுகிறவர்கள் எடுத்தால் எதைப் படிப்பார்கள் என்று நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

நான் தமிழில் படித்துச் சொன்னேன். பாதிப் பேர் நம்பினார்கள். அந்த அம்மா நம்பவில்லை. “அதெல்லாம் சரி. ஏழாவது பேரு யாரு? அதச் சொல்லு.”

நான் திரும்பிப் பாறையைப் பார்த்தேன். கூப்பிடவில்லை. என்னை இழுத்து உட்காரவைத்தவன், அவன் பாட்டுக்கு இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் பாறைக்குப் பின்னாலிருந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தான். அவனைப் பார்த்ததும், “இன்னும் எத்தனை பேருடா ஒளிஞ்சிருக்கீக?” என்று ஒருவர் கேட்டார்.

“நான் ஒருத்தன்தாண்ணே” என்றவன் பர்ஸிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து மருமகளிடம் நீட்டினான். “அக்கா, பேரைப் படிங்க.”

மருமகள் படித்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். “அத்தை... இந்தப் பயலுக்கும் நம்ம வீட்டுக்காரக பேருதான்.”

நோட்டு காலியாக இருக்க வேண்டாம் என்று எங்கள் இரண்டு பேர் பெயரோடு, கூடப் படித்த ஐந்து பேர் பெயரையும் எழுதி வைத்திருந்தோம். கடைசிப் பெயர் அவனுடையது.

அந்த அம்மா என் காலரை விட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். “அப்ப எம்மகனுக்கு யாரும் எதுவும் வைக்கலியா?” என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். மருமகளைக் கேட்டார். இல்ல அத்தை என்றார். மூன்றாவது தடவை யாத்திரைக்காரரைக் கேட்டார். அவருக்கு என்ன புரிந்ததோ, “இல்லா அம்மே, இல்லா” என்றார். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஒன்றரை மாதமாக அவர் சரியாகத் தூங்கவில்லை என்று மருமகள் சொன்னார்.

“இருந்தாலும் குறி பலிச்சிருச்சுல்ல? வச்சவன் தானா வந்து நிக்கிறானே!” என்றார் அவர் தம்பி. முதலில் சிரித்தது அந்த அம்மாதான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். என் சிரிப்பு நின்றுவிட்டது. “என்னய்யா பிரச்சினை? யாரு இவங்க?” என்று கேட்டார். என் கையில் சம்படத்தின் குங்குமம் அப்படியே இருந்தது.

அந்த அம்மா எழுந்து என் முன்னால் வந்து நின்றார். “ஒண்ணுமில்ல சார். எங்க பயலுகதான். நான் வச்சிருந்த சம்படம் காணலன்னு கத்திட்டேன். இந்தா, கெடச்சிருச்சு.” போலீஸ்காரர் சம்படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், யாத்திரைக்காரரிடம் “சாமி, வெயில் ஏறுறதுக்குள்ள நடங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். யார் பெயரையும் அவர் எழுதிக்கொள்ளவில்லை.

பத்து நிமிடத்துக்கு முன்னால் என் காலரைப் பிடித்தவர். எனக்குப் போலீஸ் விசாரணை பாக்கி இருப்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய கூத்து. நோட்டில் கையெழுத்துப் போட எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. முதலில் கண்டுபிடிப்பவர் பெயர் முதலில் வர வேண்டும், அதுதான் இந்த விளையாட்டில் பெரிய கௌரவம். பென்சிலை யாத்திரைக்காரரிடம் நீட்டினேன். அவர் வாங்கி அந்த அம்மாவிடம் கொடுத்தார். “ஃபர்ஸ்ட் இவரு. இவரல்லே கண்டுபிடிச்சது?” நூறு நாள் வேலைக்குப் போடுகிற கையெழுத்தை அந்த அம்மா நிதானமாகப் போட்டார். இரண்டாவதாக அவர் மலையாளத்தில் எழுதினார். பிறகு ரோட்டில் காத்திருந்த அவருடைய ஆட்களும் தேடி வந்து எழுதினார்கள். ஒன்றரை மாதமாக ஆள் வராத நோட்டில் அரை மணி நேரத்தில் இருபத்து நாலு பெயர்கள்! மருமகள் எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். அந்த மனிதர் கிளம்பும்போது, நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் என் தோளைத் தட்டி, பழனியிலிருந்து நான் திரும்பும்போது இதைவிட நல்ல இடத்தில் வைத்திரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் எனக்கு ஆர்டர் வந்தது. ஆர்டரை அந்த அம்மாவிடம் காட்டப் போனபோது, பாறையிடுக்கில் புதுச் சம்படம் வைக்கட்டுமா என்று கேட்டு, சரி என்றபின்தான் வைத்தேன். முதல் பக்கத்தில் தமிழில் நாலு வரி. அதை மருமகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர் புரியவில்லை என்ற ஒரு வரியை மாற்றினேன். குறிகாரருக்குக் கொடுத்த பணத்தைத் தந்துவிடுகிறேன் என்றதற்கு அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “அது நான் நம்பிக் குடுத்தது தம்பி. தோஷக் கழிப்புக்குன்னு ஒரு கறுப்புச் சேவல அறுத்தோம், அதுக்கு மட்டும் குடு. அது ஒண்ணும் அறியாதது” என்றார்.

இப்போது அலுவலகத்தில் ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டுவதென்றாலும், இதன் முன்னால் வந்து நின்று படிக்கப் போகிறவர் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். பதினேழு வருஷம் படித்தும் வராத அந்தப் பழக்கம் எனக்கு வந்ததற்கு ஆன செலவு, அந்தச் சேவலுக்குக் கொடுத்த அறுநூற்று ஐம்பது ரூபாய்.